உழிஞையும் நொச்சியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் சதுரங்கம் பற்றிய உரை என்று அழைப்பிதழில் கண்டதும் நம் அன்பர்கள் சிலர் புருவம் உயர்த்தியதை அறிவேன். "கவிஞர்கள் கூடும் இடத்தில் காய் நகர்த்துவது எதற்கு?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். "வெண்பாவிலும் காய் உண்டே" என்று மட்டும் அவருக்கு அப்போது விடை சொன்னேன். அவ்விடையின் மீதியை இன்று இந்த அவையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் ஊர் இந்த இருக்கன்குடி. இரண்டு ஆறுகளுக்கு நடுவே மாரியம்மன் வீற்றிருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளியன்று எந்தத் திசையிலிருந்து நடந்து வந்தாலும் சந்நிதி ஒன்றே. ஆனால் ஒரு கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கோயிலின் ஒரு பக்கமே தெரியும். மறுபக்கம் தெரியவேண்டுமாயின் ஆற்றைக் கடக்கவேண்டும். நான் சொல்லவிருப்பது ஆற்றைக் கடந்த கதைதான். கடக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பலகை திரும்பிய நாள்

2010-ஆம் ஆண்டின் தொடக்கம். நான் சாத்தூரில் ஆசிரியப் பணியில் இருந்தேன். என் நண்பர் ஒருவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கர். மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் பலகையை விரிப்போம். அவர் எப்போதும் வெள்ளை. நான் எப்போதும் கறுப்பு. நாங்களாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு அன்று, எப்படியோ அமைந்துவிட்டது.

அந்நாளில் நான் கிரன்ஃபெல்டு தற்காப்பு என்னும் தொடக்கமுறையைப் பழைய நூலொன்றிலிருந்து பன்னிரண்டு நகர்வு வரை நெட்டுருச் செய்து வைத்திருந்தேன். அவர் ஒன்று வைத்தால் நான் ஒன்று வைப்பேன், யோசிக்கவே வேண்டியதில்லை. தொடர்ந்து நாலைந்து ஆட்டங்களில் வென்றேன். ஒருநாள் அவர் காய்களை அடுக்கிவிட்டுச் சொன்னார்: "சார், பலகையத் திருப்புங்க. இன்னைக்கு நீங்க வெள்ளை. உங்க தற்காப்ப நீங்களே உடைச்சுக் காட்டுங்க."

என்னால் இயலவில்லை. கறுப்புக்காக நான் அறிந்திருந்த பன்னிரண்டு நகர்வும் எதற்காக வைக்கப்பட்டவை என்பதே எனக்குத் தெரியாது என்பது அன்று விளங்கியது. எதிரி என்ன விரும்புகிறான் என்று அறியாமல் அவனுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்க பக்கத்து மந்திரம் மட்டுந்தான் மனப்பாடம் போல" என்று நண்பர் சிரித்தார். அச்சிரிப்பில் பகையில்லை. ஆயினும் அது எனக்குத் தைத்தது.

அந்தத் தொடக்கமுறையை, பலகை அறியாத அன்பர்களுக்கும் விளங்கும்படி, இரு பக்கமிருந்தும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். நம் வழக்கப்படி பிஷப்பை மந்திரி என்றும், ரூக்கை யானை என்றும் குறிக்கிறேன்.

வெள்ளையின் நியாயம்

சதுரங்கப் பலகையில் நடுவிலுள்ள நான்கு கட்டங்களே நாட்டின் தலைநகர் போன்றவை. அவற்றை ஆள்பவனுடைய காய்கள் எப்பக்கமும் எளிதிற் செல்லும். அதனால் வெள்ளை முதல் நகர்விலேயே ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்துகிறது. கறுப்பு தன் குதிரையை வெளியே கொணர்கிறது. வெள்ளை, முதற் சிப்பாய்க்குத் துணையாக அதன் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் ஏவுகிறது. கறுப்போ ராஜாப் பக்கக் குதிரையின் முன்னிருந்த சிப்பாயை ஓரடி மட்டும் நகர்த்தி, மந்திரிக்கு ஒரு சாளரம் திறந்து வைக்கிறது. வெள்ளை ஒரு குதிரையை இறக்குகிறது. மூன்றாம் நகர்வில் கறுப்பு தன் ராணியின் முன்னுள்ள சிப்பாயை நடுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கிரன்ஃபெல்டு தற்காப்பு பிறக்கும் இடம் இதுவே.

வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை வெட்டிய சிப்பாயை வீழ்த்துகிறது. உடனே வெள்ளை, ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தி அக்குதிரையை விரட்டுகிறது. குதிரை ஓடாமல் வெள்ளைக் குதிரையோடு மோதித் தன்னைப் பண்டமாற்றிக்கொள்கிறது. தூசி அடங்கிய பின் பலகையைப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவில் சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கின்றன. கறுப்புக்கு நடுவில் ஒரு சிப்பாயும் இல்லை.

இந்த நிலையில் வெள்ளை விரும்புவது மூன்று. முதலாவது, கட்டிய நடுக்களத்தைக் கலையாமற் காப்பது. இரண்டாவது, காத்த நடுக்களத்தை உரிய வேளையில் முன்னோக்கிச் செலுத்துவது. ராணியின் சிப்பாய் ஓரடி முன்னேறினால் கறுப்புக் காய்கள் மூச்சுவிட இடமின்றித் தவிக்கும். மூன்றாவது, அந்த மதிலின் மறைவில் காய்களைத் திரட்டிக் கறுப்பு ராஜாவின் மேற் பாய்வது. இவற்றிற்கெல்லாம் வெள்ளை வேண்டி நிற்பது சிறிது அவகாசம். இரண்டு நகர்வு ஓய்வு கிடைத்தால் அந்த நடுக்களம் அசைக்கவொண்ணாதது ஆகிவிடும்.

கறுப்பின் நியாயம்

அப்படியானால் கறுப்பு ஏன் இதற்கு இசைந்தது? இங்கேதான் இத்தொடக்கத்தின் உயிர்நிலை இருக்கிறது. கறுப்பு நடுக்களத்தை இழக்கவில்லை, எதிரியைக் கட்டவிட்டிருக்கிறது. கட்டிய பொருளைக் காக்கும் கவலை இனி எதிரியுடையது.

முன்பு திறந்த சாளரத்தில் கறுப்பின் மந்திரி வந்து அமர்கிறது. அதன் பார்வை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் நெடுங்கோட்டில் விழுகிறது. வெள்ளை ராணியின் சிப்பாயும், அதைத் தாங்கும் சிப்பாயும், அவற்றின் பின்னே மூலையில் நிற்கும் யானையும் அக்கோட்டிலேயே உள்ளன. அடுத்து, ராணிப் பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் ஏவிக் கறுப்பு அதே நடுச்சிப்பாயை மோதுகிறது. மறு குதிரை வந்து அதையே குறிவைக்கிறது. அச்சிப்பாய்க்குக் காவல் நிற்கும் வெள்ளைக் குதிரையை மற்றொரு மந்திரி சென்று கட்டிப்போடுகிறது. எல்லா அம்பும் ஓர் இலக்கிற்கே.

வெள்ளையும் இதை அறியாததன்று. மந்திரியால் கட்டுண்ணாதபடி சில ஆட்டக்காரர் குதிரையை வழக்கமான கட்டத்தில் வைக்காமல் ராஜாவின் முன்னே ஒடுக்கி வைப்பார்கள். சிலர் மூலை யானையை நெடுங்கோட்டிலிருந்து ஒரு கட்டம் விலக்கிவைப்பார்கள். ஒவ்வொரு நகர்வும் எதிர்நகர்வை முன்னுணர்ந்த விடையாக அமைவதை இங்கே காணலாம்.

இன்னொன்றும் உண்டு. சிப்பாய்கள் மாறிமாறி வெட்டுண்ட பின், ராணிப் பக்க ஓரத்தில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஒன்று. நடுவில் வெள்ளைக்கு இரண்டு, கறுப்புக்கு ஒன்று. ஆகவே பெரிய காய்கள் களத்தில் உள்ளவரை நடுவில் வலிமை பெற்ற வெள்ளைக்கு நல்லகாலம். காய்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து போனால், எதிரி ராஜாவுக்கு எட்டாத ஓரத்தில் ஒரு சிப்பாயைக் கடைசிவரை நடத்திச் செல்லும் வாய்ப்புக் கறுப்புக்கு. வெள்ளை போரை நாடுகிறது. கறுப்பு பண்டமாற்றை நாடுகிறது. இதை அறிந்த பின்னரே, நூலில் நான் மனப்பாடம் செய்த நகர்வுகளில் ஒவ்வொன்றும் யாருக்கு எதை மறுக்கிறது என்பது எனக்குப் புலனாயிற்று.

கல்கத்தாவும் வியன்னாவும்

இதற்கு வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டின் பெயர் வழங்குவது, அவர் 1922-இல் இதைப் போட்டிகளில் ஆடி அலெக்கைன் போன்ற பெருவீரரை வென்றதனால். 1956-இல் நியூயார்க்கில் 13 வயதுச் சிறுவன் பாபி ஃபிஷர், டொனால்டு பைர்னுக்கு எதிராக ராணியையே பலிகொடுத்து வென்று 'நூற்றாண்டின் ஆட்டம்' எனப் பெயர் பெற்ற ஆட்டமும் இவ்வமைப்பிலிருந்து எழுந்ததே.

ஆனால் 1855-லேயே கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி என்னும் வங்காளியர், ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருக்கு எதிராக இதே மூன்று நகர்வுகளைக் கறுப்பில் வைத்திருக்கிறார். நம் நாட்டுப் பழைய ஆட்டமுறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஓரடிதான் செல்லும். அவ்வழக்கத்தில் வளர்ந்தவர் மேல்நாட்டு விதிக்கு மாறிய பின்னரும், விரைந்து நடுக்களத்தைப் பிடிக்காமல், ஓரத்துச் சிப்பாயை ஓரடி வைத்து மந்திரிக்குச் சாளரம் திறந்தார். இவ்வகைத் தற்காப்புகளின் குடும்பத்திற்கே 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் நிலைத்தது இதனால்தான்.

அந்த ஆட்டங்கள் இன்று நமக்குக் கிடைப்பது எப்படி? எதிரே அமர்ந்த காக்ரேன் அவற்றை எழுதி வைத்ததனால். பானர்ஜியின் புலமைக்குச் சான்று அவருடைய எதிராளியின் ஏட்டிலிருந்து வந்தது. கவிஞர்களாகிய நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது. நம் எதிரே அமர்ந்திருப்பவரின் நல்ல நகர்வை நாம் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோமா?

சோஃபியாவில் ஆனந்த்

திண்ணையில் பலகை திரும்பிய சில மாதங்களில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் விசுவநாதன் ஆனந்துக்கும் வெசலின் டோபலோவுக்கும் உலகப் பட்டப் போட்டி தொடங்கிற்று. ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து தரைவழியே நெடும்பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 24 அன்று முதல் ஆட்டம். ஆனந்த் கறுப்பு. அவர் எடுத்தது கிரன்ஃபெல்டு.

மறுநாள் நாளிதழில் வந்த நகர்வுகளை நண்பரும் நானும் வைத்துப் பார்த்தோம். டோபலோவ் குதிரையை ராஜாவின் முன்னே ஒடுக்கி வைத்தார். பிறகு, கறுப்பின் உயிர்நாடி என்று நான் சொன்னேனே, அந்த நெடுங்கோட்டு மந்திரியைத் தம் மந்திரியால் எதிர்த்துப் பண்டமாற்றிற் களைந்தார். கறுப்பு நடுச்சிப்பாயை வென்றது. ஆனால் ராஜாவின் கோட்டைக்குக் காவலன் போய்விட்டான். ராஜாவின் முன்னே வெள்ளைச் சிப்பாய்கள் ஏறின. 23-ஆம் நகர்வில் ஆனந்த் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அடுத்த நகர்வில் டோபலோவ் குதிரையைப் பலியிட்டுக் கோட்டையை உடைத்தார். 30 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. தயாரிப்பின் வரிசை நினைவிற் பிசகியதே அந்தச் சறுக்கலுக்குக் காரணம் என்பது பின்னர் வெளிவந்தது.

"அவுருக்கே மறக்கும்னா, நெட்டுருவ நம்பி நாம என்ன செய்ய?" என்றார் நண்பர்.

ஆனால் ஆனந்தின் பெருமை தோல்விக்குப் பின் தெரிந்தது. அதே தொடக்கத்தைப் பத்தாம் ஆட்டத்தில் மீண்டும் கறுப்பில் ஆடிச் சமன் செய்தார். மே 11 அன்று கடைசி ஆட்டத்தில், வேறொரு தொடக்கமுறையில், அன்றும் கறுப்புக் காய்களோடு வென்று 6.5–5.5 எனப் பட்டத்தைக் காத்தார். இரண்டாண்டு கழித்து 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டு முதல் ஆட்டத்திலேயே கிரன்ஃபெல்டை எடுத்தபோது ஆனந்த் மறுபக்கத்தில், வெள்ளையில் அமர்ந்திருந்தார். அது சமனில் முடிந்தது. சோஃபியாவில் தாக்குண்ட பக்கத்திலும் மாஸ்கோவில் தாக்கும் பக்கத்திலும் அவர் அமர்ந்தார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 6.5–6.5 என்று சமமாக நின்ற உலகப் பட்டப் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில், சென்னையின் 18 வயது குகேஷ் கறுப்பில் அமர்ந்தார். வெள்ளையில் இருந்த டிங் லிரென் எடுத்ததோ கிரன்ஃபெல்டையே பக்கம் மாற்றிப் போட்ட அமைப்பு. கறுப்பு ஆடும் ஆட்டத்தை ஒரு நகர்வு கூடுதலாகப் பெற்று வெள்ளை ஆடுவது. அதாவது வழக்கமாக வெள்ளை நிற்கும் இடத்தில் குகேஷ் நின்றார். அந்த அமைப்பு, எதிரி நடுக்களத்தை விரிவாகக் கட்டினால்தான் பல் பதிக்கும். குகேஷ் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஓரடி மட்டும் வைத்தார். தாக்குவதற்கேற்ற பெரிய மதிலை அவர் எழுப்பித் தரவில்லை. ஆட்டத்தை முடிவு செய்தது தொடக்கம் என்று நான் சொல்லமாட்டேன். பல மணி நேரத்திற்குப் பின், 55-ஆம் நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததனால் யானையும் மந்திரியும் பண்டமாற்றில் மறைய, மிஞ்சிய சிப்பாய்கள் குகேஷுக்கு வெற்றி தந்தன. ஆயினும் எதிர்ப்பக்கத்தின் பசியை அறிந்தவன் அதற்கு இரை வைக்கமாட்டான் என்பதை அந்தத் தொடக்கம் காட்டிற்று.

திணைக்கு இரு பக்கம்

இனி நம் இலக்கணத்திற்கு வருகிறேன். மதிலை முற்றுகையிடுவோன் சூடுவது உழிஞை; மதிலைக் காப்போன் சூடுவது நொச்சி. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. இப்படிப் பூக்களைப் பிரித்துத் தனித்தனித் திணையாக்கியது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியத்தில் நொச்சி தனித்திணை அன்று. மதிலை முற்றுவதும் காப்பதும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடங்கும். முற்றுவோனின் செயலைச் சொன்னால் அகத்தோனின் செயலையும் உடன் சொல்லியாக வேண்டும் என்று அந்நூல் கருதியது போலும். இவ்விரு நூல்களில் எது சரி என்று வழக்காட நான் வரவில்லை. இரண்டுமே காப்போனுக்குப் பாட்டில் இடம் மறுக்கவில்லை என்பதே நான் கருதுவது.

கிரன்ஃபெல்டில் ஒரு வேடிக்கை உண்டு. பெயர் 'தற்காப்பு'. ஆனால் உழிஞை சூடியிருப்பது கறுப்பு; கட்டிய மதிலைக் காத்து நொச்சி சூடியிருப்பது வெள்ளை. வெள்ளை தன் நடுச்சிப்பாயை முன்னே செலுத்தியதும் பூக்கள் இடம் மாறுகின்றன. ஆகையால் நான் எப்போதும் தாக்குவோன், நீ எப்போதும் காப்போன் என்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தன் வலியோடு மாற்றான் வலியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னதை நாம் எளிதாக மேற்கோள் காட்டுகிறோம். மாற்றான் இடத்தில் அமராமல் அவன் வலியைத் தூக்கிப் பார்ப்பது எங்ஙனம்?

நான் செய்த பிழை

இதையெல்லாம் சதுரங்கத்தில் அறிந்திருந்த நான் இலக்கியத்தில் மறந்தேன். வட்டத்தின் மூன்றாம் ஆண்டு, 2018. என் நண்பர் தம் வெண்பாக்களைக் கையெழுத்துப் படியாகத் தொகுத்துக் கொண்டுவந்து இவ்வட்டத்தில் வாசித்தார். மதிப்புரை சொல்லும் பொறுப்பு எனக்கு. நான் புதுக்கவிதைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். உயிரற்ற சட்டத்திற்குச் சந்தனம் பூசும் வேலை என்று சொன்னேன். அவை கைதட்டிற்று. கைதட்டல் எனக்கு இனித்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

நண்பர் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு வெண்பா எழுதிப் பாத்துட்டுச் சொல்லுங்க, சார்." அதன்பின் அவர் வட்டத்திற்கு வரவில்லை. திண்ணையிலும் பலகை விரியவில்லை.

2020-இல் பெருந்தொற்று எல்லாரையும் வீட்டில் அடைத்தபோது, பிறர் அறியாமல் ஒரு வெண்பா எழுத அமர்ந்தேன். நம் மண்ணைப் பற்றியே எழுதலாம் என்று 'கரிசல் மண்' எனத் தொடங்கினேன். முதலிரண்டு சீரிலேயே தட்டியது. 'கரிசல்' மாச்சீர், மாவின் முன் நிரை வரவேண்டும், 'மண்' நேர். நான் பிறந்த மண் என் பாட்டுக்குள் நுழைய மறுத்தது. அதன்பின் வாரக்கணக்கில் போராடினேன். ஒவ்வொரு சீரும் தனக்கு முன்னுள்ள சீருக்கு விடையாக அமைய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை, எதிராளியின் நகர்வுக்கு விடை தேடும் அதே பரபரப்போடு உணர்ந்தேன். உயிரற்ற சட்டம் என்று நான் பழித்தது எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

2021-இல் ஒருநாள் அந்த வெண்பாவையும் பலகையையும் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டிற்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தயாரித்துப் போயிருந்தேன். அவர் கேட்க விடவில்லை. தாளை வாங்கிப் படித்தார். இரண்டு இடத்தில் தளை தட்டுகிறது என்றார். 'கரிசல் மண்' என்பதை நான் சுற்றி வளைத்து வேறு சொல்லால் எழுதியிருந்தேன். "எதுக்கு சார் இந்தச் சுத்து? ரெண்டையும் ஒரே சீராச் சேத்துருங்க. கரிசல்மண். காய் ஆயிடும். அடுத்து நேர்ல எடுத்தாப் போதும்" என்றார். மூன்று வாரம் நான் முட்டிக்கொண்ட மதிலில் வாயில் அங்கேயே இருந்தது. உள்ளே வாழ்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது. தொடக்கத்தில் நான் சொன்ன 'வெண்பாவிலும் காய் உண்டு' என்பதன் பொருள் இதுதான், அன்பர்களே.

நான் அதன்பின் மரபுக்கு மாறிவிடவில்லை. இன்றும் புதுக்கவிதையே எழுதுகிறேன். அவருடைய தொகுப்பில் சில வெண்பாக்கள் எனக்கு இன்றும் உவப்பானவை அல்ல. ஆனால் அவற்றில் எது, ஏன் உவக்கவில்லை என்று இப்போது என்னால் சொல்லமுடியும். 2018-இல் சொல்லமுடியாது; அன்று நான் தீர்ப்புக் கூறியது படிக்காத வழக்கிற்கு.

ஒரு விண்ணப்பம்

பத்தாண்டு நிறைவில் வட்டத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். இப்பத்தாண்டில் நாம் நடத்திய கவியரங்குகளும் மதிப்புரைகளும் குறைவல்ல. ஆனால் மரபுக்கவிஞர் வாசிக்கும்போது புதுக்கவிஞர் தேநீர் அருந்த வெளியே போவதும், புதுக்கவிஞர் வாசிக்கும்போது மரபுக்கவிஞர் கைக்கடிகாரம் பார்ப்பதும் நாம் எல்லாரும் கண்ட காட்சி. வெடிமருந்தோடு வாழும் சீமை நம்முடையது. எதை எதோடு சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்று அறியாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. சொல்லையும் அவ்வாறே அறிந்து கையாள வேண்டும்.

ஆகவே பதினோராம் ஆண்டு முதல் மாதந்தோறும் ஓர் அமர்வில் பலகையைத் திருப்புவோம். மதிப்புரை சொல்பவர், குறை கூறுமுன், அந்தக் கவிதை எதை விரும்பிற்று, அதற்காக எவ்வழிகளைத் தேர்ந்தது என்பதைக் கவிஞரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும். கவிஞர் நன்றி கூறுமுன், தம் கவிதையில் எந்த மதில் மெலிந்தது என்பதைத் தாமே சுட்ட வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் மரபுக்கவிஞர் புதுக்கவிதை ஒன்றும், புதுக்கவிஞர் வெண்பா ஒன்றும் எழுதி இங்கே வாசிக்கவேண்டும். நன்றாக அமையாவிட்டாலும் குற்றமில்லை. என் வெண்பாவை முதலில் வாசிக்க நானே ஆயத்தமாக இருக்கிறேன். தளை திருத்தித் தந்தவர் இந்த அவையின் மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

விழா முடிந்ததும் ஆற்றங்கரை மண்டபத்தில் எங்கள் ஆட்டம் ஒன்று பாக்கியிருக்கிறது. இன்று அவர் கறுப்பு கேட்டிருக்கிறார். கிரன்ஃபெல்டு வைப்பார் என்று எதிர்பார்க்கிறேன். வெள்ளையின் நியாயத்தை இம்முறை படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.